ஒரு எழுத்து மூணு லட்சம்!

காலை ஐந்தே முக்காலுக்கு போன் மணி அடித்தால் எங்கள் வீட்டில் இரண்டே அர்த்தம்தான். ஒன்று, யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இரண்டு, விழுப்புரம் மாமா.

அன்றைக்கு இரண்டாவது.

"மாப்ளே, எக்ஸுக்கும் எம்முக்கும் என்னடா வித்தியாசம்?"

தூக்கக் கலக்கத்தில், "எம் நடுவுல வரும் மாமா. எக்ஸ் கடைசிப் பக்கம் வரும்" என்றேன்.

"ஏ.பி.சி.டி. கேக்கலைடா, கார் கேக்கறேன்! பி.எம்.டபிள்யூ எக்ஸ் 1-ல எக்ஸ் லைன்னு ஒண்ணு இருக்காம், எம் ஸ்போர்ட்டுனு ஒண்ணு இருக்காம். ரெண்டுக்கும் மூணு லட்சம் வித்தியாசமாம். நீ பி.காம். படிச்சவன்தானே? வந்து பார்த்துச் சொல்லு."

பி.காம். படித்தவனுக்கு நம் குடும்பங்களில் தனி மரியாதை உண்டு. எல்.ஐ.சி. பாலிசி, வீட்டு வரி, சீட்டுக் கணக்கு, கல்யாண மொய் நோட்டு எல்லாவற்றுக்கும் அவன்தான் கடைசிக் கோர்ட்டு. நானோ பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவன். சொந்தமாக வைத்திருப்பது ஒரு ஸ்கூட்டர். அதிலும் ஹாரன் அடித்தால் இண்டிகேட்டர் எரியும். அப்பேர்ப்பட்டவன், நாற்பத்தைந்து லட்ச ரூபாய்க் காருக்கு ஆலோசகன்!

மாமாவைப் பற்றி நாலு வரி சொல்ல வேண்டும். விழுப்புரத்தில் அரிசி மண்டி. முப்பது வருஷமாக நெல் வாங்கி, அரிசியாக்கி, மூட்டை பிடித்து அனுப்புகிறார். ஆரம்பத்தில் டி.வி.எஸ். 50-இல் முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை, நடுவில் அவர் என்று மூன்று மூட்டைகளாகப் போய்க்கொண்டிருந்தவர். இப்போது சொந்தமாக ஒரு லாரி, பத்து வருஷப் பழைய கார் ஒன்று, ஏழு சுமைத் தொழிலாளிகள், பேங்க்கில் ஓ.டி. என்று வளர்ந்துவிட்டார். வருகிற தையில் வயசு அறுபது. திருக்கடையூரில் மணிவிழா. அத்தையைப் புதுக் காரில் பக்கத்தில் உட்கார வைத்து, தானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஆசை.

நியாயமான ஆசைதான். நடுவில் சகலை புகுந்துவிட்டார்.

சேலத்துச் சகலை அக்டோபரில் ஒரு எக்ஸ் 1 வாங்கினார். எம் ஸ்போர்ட். வாங்கியவர் விழுப்புரம் வரை ஓட்டி வந்து மண்டி வாசலில் நிறுத்தினார். சக்கரத்தில் நசுங்கிய எலுமிச்சம்பழம் வாடுவதற்குள் ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டார்.

"நீங்களும் இதே வண்டி பார்க்கறதா கேள்விப்பட்டேன். எக்ஸ் லைன் போதுமே உங்களுக்கு. எம் எதுக்கு?"

கல்யாணமான நாள் முதலாக இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மௌன ஒலிம்பிக்ஸ் நடந்து வருகிறது. அவர் மிக்ஸி வாங்கினால் இவர் கிரைண்டர். அவர் மாடி கட்டினால் இவர் மாடிக்கு மேல் தண்ணீர்த் தொட்டி. "போதுமே உங்களுக்கு" என்ற இரண்டு வார்த்தையின் விலை மூன்று லட்சம் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

* * *

2023 நவம்பர். தீபாவளிக்கு அடுத்த வாரம். மாமா, அத்தை, நான் மூவரும் சென்னைக்குக் கிளம்பினோம்.

"ஜி.எஸ்.டி. ரோட்டுலயே போய் ஜி.எஸ்.டி. கட்டப்போறோம் மாமா!" என்றேன். மாமா சிரிக்கவில்லை. பணம் கட்டப்போகிறவருக்கு எந்தக் காலத்தில் சிரிப்பு வந்தது?

செங்கல்பட்டைத் தாண்டி சிங்கப்பெருமாள் கோவில் வருவதற்கு முன்னால் கை காட்டினேன். "அதோ, மகிந்திரா வேர்ல்டு சிட்டி. பி.எம்.டபிள்யூ தொழிற்சாலை அங்கேதான் இருக்கு. 2007-லேருந்து இங்கே கார் பூட்டறாங்க. நீங்க வாங்கப்போற எக்ஸ் 1-உம் இங்கே பூட்டினதுதான்."

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பினார். "அப்போ இது ஜெர்மனி கார் இல்லையா? நம்ம செங்கல்பட்டு காரா? அப்படின்னா விலையைக் குறைச்சுக் குடுக்கலாமே?"

அத்தை கேட்டதில் விஷயம் இருக்கிறது. முழுக் காராகக் கப்பலில் வந்து இறங்கினால் சுங்கவரி தலையைச் சுற்றும். பாகங்களாக வந்து இங்கே பூட்டினால் வரி குறையும். அதனால்தான் பூட்டுகிறார்கள். ஆனால் அப்படிப் பூட்டும்போது ஆளுக்கொரு தினுசாகச் செய்துகொண்டிருக்க முடியாது.

ஜெர்மனியில் இந்த எக்ஸ் 1 ரீகன்ஸ்பர்க் என்ற ஊரில் தயாராகிறது. அந்த ஊர்க்காரர் கார் வாங்குவது ஓட்டலில் மெனு கார்டு பார்த்து ஆர்டர் செய்வது போல. இந்த சீட் வேணும், அந்த ஸ்பீக்கர் வேண்டாம், சக்கரத்தை மாத்திக் குடு என்று தனித்தனியாகச் சேர்க்கலாம், கழிக்கலாம். நம் ஊரில் 'சாதா சாப்பாடு', 'ஸ்பெஷல் சாப்பாடு' என்று இரண்டு மூன்று டோக்கன்தான். ஸ்பெஷலில் வருகிற ஐஸ்கிரீம் மட்டும் வேண்டும் என்றால் கொடுக்க மாட்டார்கள். முழு டோக்கனும் வாங்கியாக வேண்டும். இந்த டோக்கன்களுக்குத்தான் கார் கம்பெனிகள் 'டிரிம்' என்றும் 'வேரியன்ட்' என்றும் நாமகரணம் செய்திருக்கின்றன.

ஐஸ்கிரீமுக்காக டோக்கன் வாங்குகிறோமா, பசிக்காக வாங்குகிறோமா? கேள்வி இவ்வளவுதான்.

* * *

ஷோரூமில் ஏ.சி. குளிர் பல்லைக் கிட்டியது. டை கட்டிய தம்பி ஒருவர் வந்து வணக்கம் சொன்னார். தங்கமான பையன். கடைசிவரை ஒரு பொய் கூடச் சொல்லவில்லை. நாம் தப்பான கேள்வி கேட்டால் அதற்குச் சரியான பதில் சொல்வதுதானே அவர் வேலை?

வண்டியின் முழுப் பெயர் எக்ஸ் 1 எஸ்டிரைவ்18ஐ. மாமா ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். வாய் சுளுக்கிக்கொண்டது.

பெயரைப் பதம் பிரித்தோம். 'எஸ்டிரைவ்' என்றால் இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி. இந்த எக்ஸ் 1-இல் முன் சக்கரங்கள். நாலும் இழுத்தால் அதற்குப் பெயர் 'எக்ஸ்டிரைவ்'.

"மலையெல்லாம் ஏறும்னு சகலை சொன்னானே?"

"ஏற்காடு ரோட்டுல ஏறும் மாமா. ரோடே இல்லாத மலையில ஏறணும்னா அது வேற வண்டி."

"அப்போ பின்னாடி ரெண்டு சக்கரம் என்ன பண்ணும்?"

"சும்மா கூட வரும்."

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மாதிரின்னு சொல்லு!"

அடுத்தது '18'. 1.8 லிட்டர் எஞ்சின் என்று யாரும் எண்ண வேண்டாம். இது 1,499 சி.சி., மூன்று சிலிண்டர், 136 குதிரைசக்தி. அந்தக் காலத்தில் இந்த எண்கள் எஞ்சின் அளவைச் சொன்னதுண்டு. இப்போது அது ஒரு அந்தஸ்து எண், அவ்வளவே. கடைசியில் வருகிற 'ஐ' பெட்ரோல். 'டி' என்றால் டீசல்.

இதில் ஒரு சூட்சுமம். இந்த மூன்றாம் தலைமுறை எக்ஸ் 1 இந்தியாவுக்கு 2023 ஜனவரியில் வந்தது. அப்போது பெட்ரோல் என்றால் எக்ஸ் லைன் மட்டும், 45.90 லட்சம். டீசல் என்றால் எம் ஸ்போர்ட் மட்டும், 47.90 லட்சம். இரண்டுமே அறிமுக விலை, ஷோரூம் விலை. எஞ்சின் வித்தியாசமும் அலங்கார வித்தியாசமும் ஒரே பொட்டலத்தில் இருந்ததால், எதற்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. கதம்பத்தில் மல்லிகைக்கு எவ்வளவு, மருக்கொழுந்துக்கு எவ்வளவு என்று கேட்க முடியுமா?

அதே வருஷம் பிற்பாடு பெட்ரோலிலும் எம் ஸ்போர்ட் வந்தது. 48.90 லட்சம். அப்போதுதான் குட்டு வெளிப்பட்டது. எக்ஸ் லைனிலும் இதே எஞ்சின், இதே 136 குதிரை, இதே 7 கியர் ஆட்டோமேட்டிக். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட கம்பெனி சொல்கிற நேரமும் ஒன்றே, 9.2 விநாடி. எம் ஸ்போர்ட்டில் பம்பரின் வடிவம் வேறு, ஸ்டீயரிங் தடிமன் வேறு, உள் அலங்காரம் வேறு. அப்புறம் அந்த எழுத்து.

வித்தியாசம், சுளையாக 3,00,000 ரூபாய்.

"எம்முன்னா என்னப்பா அர்த்தம்?" என்றார் அத்தை.

"மோட்டார்ஸ்போர்ட் மேடம்" என்றது டை.

உண்மைதான். 1972-இல் பந்தயக் கார்களுக்காக பி.எம்.டபிள்யூ ஒரு தனிக் கம்பெனி தொடங்கியது. அதன் எழுத்து அது. நிஜமான பாய்ச்சல் எக்ஸ் 1 ஒன்று வெளிநாட்டில் இருக்கிறது. 'எம்35ஐ' என்று பெயர், ஐரோப்பாவில் அதற்கு 300 குதிரைசக்தி. நம் ஷோரூமில் நின்ற எம் ஸ்போர்ட்டுக்கு அந்த எஞ்சின் கிடையாது. பந்தயக்காரரின் சட்டையை மட்டும் போட்டிருக்கிறது. போலீஸ் வேஷம் போட்டவரை சல்யூட் அடித்து வரவேற்கலாம். திருடனைப் பிடிக்கச் சொல்லக்கூடாது!

இந்தக் கம்பெனியை மட்டும் சொல்வானேன்? மெர்சிடிஸ் ஜி.எல்.ஏ. 2024 ஜனவரியில் புதுப்பித்து வந்தபோது, 220டி ஃபோர்மேட்டிக் 54.75 லட்சம், அதே எஞ்சினில் 'ஏ.எம்.ஜி. லைன்' 56.90 லட்சம். மூன்று எழுத்துக்கு 2.15 லட்சம். அங்கே எழுத்து மலிவு! ஆடி க்யூ3 2022 ஆகஸ்டில் வந்தபோது 'பிரீமியம் பிளஸ்' 44.89 லட்சம், 'டெக்னாலஜி' 50.39 லட்சம். இரண்டுக்கும் ஒரே 190 குதிரை எஞ்சின். ஐந்தரை லட்ச வித்தியாசம் பெரும்பாலும் திரை, ஸ்பீக்கர், காலை ஆட்டினால் திறக்கிற டிக்கி மாதிரி சௌகரியங்களுக்கு. தப்பு என்று சொல்லவில்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் சரி.

* * *

"மூணு லட்சம்தான் சார் டிஃபரன்ஸ். ஈ.எம்.ஐ.யில பார்த்தா தெரியவே தெரியாது" என்றது டை.

தெரியாமல் இருப்பதற்காகத்தானே ஈ.எம்.ஐ. கண்டுபிடித்தார்கள்!

பிரோஷரைத் திருப்பி, பின்பக்க வெள்ளைத் தாளில் கணக்குப் போட்டேன். பி.காம். படித்ததற்கு இந்தப் பிறவியில் கிடைத்த ஒரே மேடை.

முதல் வரி. மூன்று லட்சம் என்பது ஷோரூம் விலை வித்தியாசம். அதற்குள்ளேயே ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் உட்கார்ந்திருக்கின்றன. அன்றைக்கு இந்த வண்டிக்கு 28-உம் 17-உம் சேர்த்து 45 சதவிகிதம். 2025 செப்டம்பர் 22 முதல் செஸ் போய், 40 சதவிகிதம் ஆகியிருக்கிறது. ஆக, அன்றைய மூன்று லட்சத்தில் சுமார் 93,000 ரூபாய் வரி. விளம்பரத்தில் இது 'சின்ன' சொகுசு எஸ்.யு.வி.; வரிச் சட்டத்தில் நாலு மீட்டரைத் தாண்டினால் பெரிய கார். இது நாலரை மீட்டர். விளம்பரத்துக்குத் தம்பி, கஜானாவுக்கு அண்ணன்!

இரண்டாவது வரி. சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் 9 முதல், இருபது லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவிகிதம் ஆனது. அதற்கு முன்னால் 15. மூன்று லட்சத்துக்கு 20 சதவிகிதம், 60,000. ஆக 3,60,000. (டி.சி.எஸ். என்று ஒரு சதவிகிதம் பிடிப்பார்கள். அதை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பதால் சேர்க்கவில்லை.)

இங்கே மாமா பேனாவைப் பிடித்து நிறுத்தினார். "சகலை அக்டோபர்லயே வாங்கிட்டானே... அவனுக்கு 15 தானா?"

போட்டுக் காட்டினேன். சகலையின் எம் ஸ்போர்ட், சாலை வரியோடு சுமார் 56.23 லட்சம். மாமா இன்றைக்கு எக்ஸ் லைன் வாங்கினால் 55.08 லட்சம். மாமாவே எம் வாங்கினால் 58.68 லட்சம்!

மாமா முகம் சிவந்துவிட்டது. கணக்கு சில சமயம் தீயை அணைக்காது, எண்ணெய் ஊற்றும்.

மூன்றாவது வரி. கடன். 3,60,000 ரூபாயை 9 சதவிகித வட்டியில் ஐந்து வருஷத் தவணையில் வைத்தால் மாசம் 7,473 ரூபாய். அறுபது மாசத்தில் 4,48,380. 'மூணு லட்சம்தான்' என்பது நடந்து நடந்து நாலரை லட்சத்தைத் தொட்டுவிட்டது.

நாலாவது வரி. திரும்பி வருவது. இன்ஷூரன்ஸ்காரர்கள் வண்டியின் மதிப்பை வருஷா வருஷம் கழித்துக்கொண்டே வருவார்கள். அந்த வாய்ப்பாட்டின்படி ஐந்தாவது வருஷத்தில் பாதி போய்விடும். கட்டியது நாலரை லட்சம், காகிதத்தில் நிற்பது ஒன்றரை லட்சம். பழைய கார் வாங்க வருகிறவரோ முதலில் கிலோமீட்டரைப் பார்ப்பார், அப்புறம் கீறலைப் பார்ப்பார், கடைசியில்தான் எழுத்தைப் பார்ப்பார்.

மாமா தாளைப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. லட்சம், சதவிகிதம் எல்லாம் அவருக்குப் பத்திரிகைச் செய்தி மாதிரி. அவருடைய பாஷையில் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

"மாமா, சாதா ரக நெல்லுக்கு இந்த வருஷம் மத்திய அரசு ஆதரவு விலை என்ன?"

"2,183. குவிண்டாலுக்கு" என்றார், கண் சிமிட்டாமல்.

"3,60,000-ஐ 2,183-ஆல் வகுங்க."

மாமாவுக்கு கால்குலேட்டர் வேண்டியதில்லை. மேலே கூரையைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"நூத்தி அறுபத்தஞ்சு குவிண்டால்."

"பதினாறரை டன் நெல். ஒரு லாரி லோடு. அந்த ஒரு எழுத்துக்கு."

ஷோரூமில் ஏ.சி. சத்தம் மட்டும் கேட்டது.

அவர் யோசித்தது எனக்குத் தெரியும். அவர் கணக்கு நோட்டை நான்தான் எழுதுகிறேன். அந்த வருஷத் தையில் கையில் காசு முடங்கிப்போய், அறுவடை நேரத்தில் வாங்க முடியாமல், இரண்டு மாசம் கழித்து விலை ஏறின பிறகு வாங்கினார். சுமைத் தொழிலாளிகளுக்குப் பொங்கல் போனஸைப் பாதி கொடுத்து, மீதியைச் சித்திரையில் கொடுத்தார். ஏழு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. மாமாதான் ஒரு வாரம் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் கல்லாவில் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவையும் காரின் முன்பணம் ஓ.டி.யிலிருந்துதான். எம் வாங்கினால் தை நெல்லுக்கு என்ன மிச்சம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

* * *

"எல்லாம் சரிடா" என்றார் மாமா, தணிந்த குரலில். "ஒரு விஷயம் உனக்குத் தெரியாது. தொண்ணூத்தி மூணுல மெட்ராஸ்ல ஒரு கல்யாணம். இவங்க ஒண்ணுவிட்ட அக்கா பொண்ணுக்கு. சீர் அரிசி நம்மளோடது. லாட்ஜ்லேருந்து டி.வி.எஸ். 50-ல முன்னாடி மூட்டையை வெச்சுக்கிட்டுப் போறேன். மண்டப வாசல்ல வாட்ச்மேன், 'சமையல்கட்டு பின்னாடி'ன்னு கையைக் காட்டிட்டான். அந்நேரம் சகலை ஃபியட்ல வந்து இறங்கறான். பார்த்தான். 'இவர் நம்ம ஆளு'ன்னு ஒரு வார்த்தை சொல்லலை. நான் பின்பக்கமாத்தான் போனேன்."

எனக்குக் கையில் பேனா கனத்தது. இதற்கு எந்த வாய்ப்பாட்டில் தேய்மானம் போடுவது?

அத்தைதான் பேசினார்.

"ஏங்க, அன்னைக்கு அந்த வண்டியில பின்னாடி உக்காந்திருந்தது நான்தானே? சமையல்கட்டு வழியாத்தான் நானும் வந்தேன். எனக்கு ஒண்ணும் குறைஞ்சு போகலை. அங்கே முதல் பந்திக்கு முன்னாடியே சூடா கேசரி குடுத்தாங்க."

டை கட்டிய தம்பி சிரிப்பை அடக்க ரொம்பப் பாடுபட்டார்.

"இப்போ எனக்கு முட்டி வலி. ஆட்டோவுல ஏறவே ரெண்டு பேர் பிடிக்கணும். இந்த சீட்டு உயரமா இல்ல, பள்ளமாவும் இல்ல. குனியாம உக்கார முடியுது. அந்த வண்டியிலயும் உக்காந்து பார்த்தேன், இதுலயும் உக்காந்து பார்த்தேன். என் முட்டிக்கு ரெண்டும் ஒண்ணுதான். முட்டி இங்கிலீஷ் படிக்காது."

நான் நாலு வரியில் போட்ட கணக்கை அத்தை ஒரு வரியில் முடித்துவிட்டார்.

அப்புறம்தான் நான் உருப்படியாக ஒரு காரியம் செய்தேன். டையிடம் இரண்டு மாடலுக்கும் அச்சடித்த வசதிப் பட்டியல் வாங்கினேன். தேதி போட்டதாகக் கேட்டு வாங்கினேன். எந்த டிரிம்மில் எது இருக்கும் என்பதைக் கம்பெனிகள் அடிக்கடி மாற்றும். போன வருஷத்து வீடியோவைப் பார்த்துவிட்டு இந்த வருஷம் பணம் கட்டக்கூடாது. பட்டியலில் இருந்ததை மூன்று பத்தியாகப் பிரித்தோம்.

முதல் பத்தி, தொழிற்சாலையில் மட்டுமே பொருத்த முடிந்தவை. ஏர் பேக், சென்சார், பிரேக் சம்பந்தப்பட்டவை, சீட்டின் மோட்டார். இதில் வித்தியாசம் இருந்தால் கடன் வாங்கியாவது மேல் டிரிம் வாங்கலாம். உயிர் விஷயம். எக்ஸ் 1-க்கு யூரோ என்கேப் 2022-இல் ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. ஆனால் அது ஐரோப்பாவில் விற்கிற வண்டிக்குக் கொடுத்தது. நம் கைக்கு வருகிற வண்டியில் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்க்க வேண்டியது நாம்தான்.

இரண்டாவது பத்தி, பிற்பாடு வெளியில் வாங்கிப் போட்டுக்கொள்ளக்கூடியவை. மிதியடி, சீட் கவர், சின்னச் சின்ன அலங்காரம். இதற்காக டிரிம் மாறுவது, கறிவேப்பிலைக்காகத் தோட்டம் வாங்குவது மாதிரி.

மூன்றாவது பத்தி, தினமும் கை படுமா? படும் என்றால் காசு கொடுக்கலாம். ஸ்டீயரிங் பிடித்து ஓட்டுவதே பரம சுகம் என்கிறவருக்குத் தடிமனான எம் ஸ்டீயரிங் மூன்று லட்சம் பெறலாம். அவரை நான் தடுக்க மாட்டேன். மாமா தினமும் பிடிப்பது குத்தூசி. மூட்டையில் குத்தி அரிசி பார்க்கிற ஊசி.

முதல் பத்தியில் நாங்கள் பார்த்தவரை எக்ஸ் லைன் எங்கேயும் இடறவில்லை. மாமா பட்டியலை மடித்துப் பாக்கெட்டில் வைத்தார். "எக்ஸ் லைனே போடுப்பா தம்பி" என்றார். சொல்லிவிட்டு, கண்ணாடிக் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்ணூத்தி மூன்றை இறக்கி வைத்தாரா, இன்னும் தூக்கிக்கொண்டுதான் இருந்தாரா, தெரியாது. மூட்டை தூக்கிப் பழகிய தோள்.

* * *

2024 தை மாசம். கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாகத் திருக்கடையூர். மாமா ஓட்டினார். அத்தை முன் சீட்டில். பின் சீட்டில் நானும், இரண்டு எவர்சில்வர் தூக்கில் புளியோதரையும். கிளம்புவதற்கு முதல் வாரமே நெல் லோடு இறங்கிவிட்டது. போனஸும் முழுசாகப் போய்விட்டது. ஏழு பேரும் வேனில் வந்திருந்தார்கள்.

கோவில் பக்கத்தில் இரண்டு எக்ஸ் 1-உம் ஜோடியாக நின்றன. சகலை இறங்கி, மாமாவின் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"எக்ஸ் லைனா?"

"ஆமா."

அதற்குள் பூக்காரர் வந்து, மணிவிழா வண்டி என்று கேள்விப்பட்டு, இரண்டு காருக்கும் சாமந்தி மாலை போட்டுவிட்டார். கிரில், பம்பர் எல்லாம் மஞ்சளாக மூடிக்கொண்டது. படம் எடுக்க வந்த போட்டோகிராபர், "சார், உங்க வண்டி எது சார்?" என்று கேட்டார். சகலைக்கே ஒரு நொடி யோசிக்க வேண்டியிருந்தது.

மாலை மாற்றி, தாலி கட்டி, அட்சதையெல்லாம் தலையிலிருந்து தட்டிவிட்டுத் திரும்பும்போது சகலை விடவில்லை. "என்ன இருந்தாலும் அந்த எம் இல்லாம வண்டி கொஞ்சம் மொட்டையா இருக்கு, இல்லே?"

மாமா அவசரப்படவில்லை. முன் கதவைத் திறந்து பிடித்தார். அத்தை யாருடைய கையையும் பிடிக்காமல், குனியாமல், தானாக ஏறி உட்கார்ந்து, புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டார்.

அத்தையின் பெயருக்கு இங்கிலீஷில் முதல் எழுத்து என்ன என்று நான் இதுவரை சொல்லவில்லை, இல்லையா?

"என் வண்டியிலயும் எம் இருக்குப்பா" என்றார் மாமா, கதவைச் சாத்திக்கொண்டே. "முன் சீட்டுல."